திறன், பயனுறுதிறன், தாங்குதிறன்: விளையாட்டுக் கணினியின் மின்வழங்கியை மதிப்பிடுதல் – அனுப்பம்பட்டுச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மேசைக்கணினியின் மின்வழங்கி சந்தையில் இரண்டு அடையாளங்களால் மதிப்பிடப்படுகிறது. ஒன்று வாட் எண். மற்றொன்று பயனுறுதிறனைக் காட்டும் ‘80 பிளஸ்’ முத்திரை. இவ்விரண்டும் குறிப்பிட்ட ஆய்வகச் சூழலில் பெறப்பட்ட அளவுகள். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்து அனுப்பம்பட்டு, அதன் கிழக்கே விரியும் பழவேற்காடு ஏரிப்பகுதி ஆகியவற்றின் மின்சார, வானிலைச் சூழலில் மின்வழங்கியின் ஆயுளை முடிவு செய்வது உறையில் அச்சிடப்படாத மூன்றாவது பண்பாகிய தாங்குதிறனே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்வழங்கி, எஸ்.எம்.பி.எஸ்., பயனுறுதிறன், தாங்குநேரம், மின்தேக்கி, புவியிணைப்பு, பழவேற்காடு.

முன்னுரை

சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் இரயில் தடத்தில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் அமைந்த நிறுத்தம் அனுப்பம்பட்டு. அதற்குச் சில நிறுத்தங்கள் தெற்கே உள்ள அத்திப்பட்டை ஒட்டி வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இயங்குகின்றன. வட சென்னையின் முதல் இரு கட்டங்கள் 630, 1,200 மெகாவாட். வல்லூர் 1,500 மெகாவாட். மாநிலத்தின் மின்தேவையில் கணிசமான பங்கு உற்பத்தியாகும் வட்டாரம் இது. ஆயினும் அனல்மின் நிலையத்தின் அருகாமை, வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியின் தரத்துக்கு உறுதி ஆகாது. நிலையத்தில் பிறக்கும் மின்சாரம் உயரழுத்தத் தொகுப்பில் கலந்து, துணைமின் நிலையம், பகிர்மான மின்மாற்றி, தாழ்வழுத்தக் கம்பி எனப் பல படிகளைக் கடந்தே வீட்டை அடைகிறது. கடைசிப் படியின் நீளமும் அதில் தொங்கும் சுமையுமே வீட்டு மின்னழுத்தத்தை முடிவு செய்கின்றன.

விளையாட்டுக் கணினி இன்று நகரத்துக்கு மட்டும் உரிய பொருளன்று. விளையாட்டு, படிப்பு, காணொளித் தொகுப்பு ஆகிய மூன்றுக்கும் பயன்படுமாறு ஒரே கணினியைத் தவணையில் வாங்கும் குடும்பங்கள் பலவாகிவிட்டன. அக்கணினிக்குச் செலவாகும் தொகையில் மின்வழங்கியின் பங்கு மிகச் சிறியது. அது பழுதாகும் முறை மோசமானதாக இருந்தால் தாய்ப்பலகையும் வரைகலை அட்டையும் உடன் அழியும். ஆண்டு முழுவதும் சீராக வராத மீன்பிடி வருமானத்தையோ ஒரு போக நெல் வருமானத்தையோ நம்பி வாங்கப்பட்ட கணினியை அக்குடும்பம் இரண்டாம் முறை வாங்க இயலாது.

மூன்று திறன்கள்

தமிழில் இப்பொருளைப் பேசும்போது முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்க்க வேண்டியுள்ளது. இயற்பியல் பாடநூல்கள் ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவைத் ‘திறன்’ என்கின்றன. வாட் அதன் அலகு. உள்ளே வாங்கிய ஆற்றலில் பயனாக வெளிவரும் பங்கைப் ‘பயனுறுதிறன்’ என்கின்றன. பேச்சு வழக்கிலோ ‘திறன்’ என்பது ஆற்றல், வல்லமை, தகுதி அனைத்தையும் குறிக்கும். இதனால் ‘750 வாட் திறன்’ என்ற தொடர், கேட்பவர் மனத்தில் தரச்சான்றாகவே பதிகிறது. உண்மையில் அந்த எண் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு சுமையைத் தாங்குவதாகத் தயாரிப்பாளர் கூறுகிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. எத்தனை பாகை வெப்பத்தில், எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கு அதில் விடையில்லை.

கடைத்தெருவில் இக்கருவிக்கு வழங்கும் பெயர் எஸ்.எம்.பி.எஸ். சென்னை ரிச்சி தெருவில் ‘மின்வழங்கி’ என்று கேட்டால் எவருக்கும் விளங்காது. இக்கட்டுரை இரு பெயர்களையும் ஒரே பொருளில் கையாள்கிறது.

கருவியின் செயல்பாட்டைச் சுருக்கமாகக் கூறலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் முதலில் வடிகட்டப்பட்டு, நேர்த்திசையாகத் திருத்தப்படுகிறது. ‘ஆக்டிவ் பி.எஃப்.சி.’ எனப்படும் சுற்று அதனை ஏறத்தாழ 380 முதல் 400 வோல்ட் வரை உயர்த்திப் பெரிய மின்தேக்கி ஒன்றில் நிரப்புகிறது. குறைக்கடத்திச் சாவிகள் அம்மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடிச் சிறிய மின்மாற்றி வழியே அனுப்புகின்றன. மறுபக்கம் 12, 5, 3.3 வோல்ட் மின்னழுத்தங்கள் கிடைக்கின்றன. இன்டெல் நிறுவனம் 1995-இல் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். வரையறை இவற்றின் எல்லைகளை வகுக்கிறது: மின்னழுத்தம் 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது, 12 வோல்ட் தடத்தில் சிற்றலை 120 மில்லிவோல்ட்டையும், மற்ற இரண்டில் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக் கூடாது.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

80 பிளஸ் திட்டம் 2004-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் பயனுறுதிறனை அளந்து, வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் எனத் தரப்படுத்துகிறது. அடிப்படை அட்டவணை 115 வோல்ட்டுக்கு உரியது. அதில் பாதிச் சுமையில் வெண்கலத்துக்கு 85 விழுக்காடும் தங்கத்துக்கு 90 விழுக்காடும் வேண்டும். ஐரோப்பாவுக்கான 230 வோல்ட் அட்டவணையில் இவை முறையே 88, 92. இந்திய வாசகர் எந்த அட்டவணையின் முத்திரையைப் பார்க்கிறோம் என்பதைக் கவனித்தல் நன்று. சோதனை நடப்பது ஏறத்தாழ 23 பாகை செல்சியசில். சோதிக்கப்படுவது தயாரிப்பாளர் அனுப்பிய மாதிரி. சிற்றலை, தாங்குநேரம், பாதுகாப்புச் சுற்றுகள் ஆகியவை முத்திரைக்கான தகுதியில் இடம்பெறுவதில்லை.

முத்திரையைப் பணச் சேமிப்பின் அடிப்படையில் விற்பது வழக்கம். அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணினிக்குள் 400 வாட் செலவாகிறது, நாள்தோறும் நான்கு மணி நேரம் இயங்குகிறது என்று கொள்வோம். 88 விழுக்காட்டு மின்வழங்கி சுவரிலிருந்து 454.5 வாட் இழுக்கும்; 92 விழுக்காட்டு மின்வழங்கி 434.8 வாட் இழுக்கும். வேறுபாடு 20 வாட்டுக்கும் குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 29 அலகு. அலகுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 232 ரூபாய்தான். இரு மாதிரிகளுக்கும் இடையே சில ஆயிரம் ரூபாய் விலை வேறுபாடு இருந்தால், அதை மின்கட்டணத்தில் மீட்கப் பத்தாண்டுக்கு மேலாகலாம். ஆகவே சேமிப்பு என்ற வாதம் இங்கு வலுவற்றது.

அதே கணக்கை வேறு பக்கமிருந்து பார்த்தால் பயன் தெரிகிறது. வீணாகும் 54.5 வாட்டும் 34.8 வாட்டும் மின்வழங்கியின் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகத் தங்குகின்றன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெப்பம் குறைவது உள்ளிருக்கும் மின்தேக்கிகளுக்குப் பெரிய உதவி. பயனுறுதிறன் அனுப்பம்பட்டில் மதிப்புப் பெறுவது தாங்குதிறனுக்குத் துணைநிற்கும் அளவில்தான்.

வெப்பமும் உப்புக்காற்றும்

மின்பகு மின்தேக்கியின் ஆயுள் வெப்பத்தைச் சார்ந்தது. பத்துப் பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர் கையாளும் தோராய விதி. 105 பாகையில் 2,000 மணி நேரம் என வரையறுக்கப்பட்ட மின்தேக்கி 55 பாகையில் 64,000 மணி நேரமும் 65 பாகையில் 32,000 மணி நேரமும் உழைக்கும். 85 பாகைக்கு வரையறுக்கப்பட்ட மலிவான மின்தேக்கியோ அதே 65 பாகையில் 8,000 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஓட்டுக்கூரை அல்லது காங்கிரீட் கூரையின் கீழ் அறையே 38 பாகையைத் தொடும்போது கணினிப் பெட்டியின் உட்புறம் 45-ஐத் தாண்டுவது இயல்பு. எனவே ‘முழுத்திறனும் 50 பாகையில் தொடர்ந்து கிடைக்கும்’ என்ற குறிப்பு உள்ள மாதிரிக்கும் ‘40 பாகையில்’ என்று மட்டும் குறித்த மாதிரிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, வெண்கலத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை விட இவ்வூரில் முதன்மையானது. வெப்பநிலையே குறிக்காத மாதிரியைத் தவிர்த்துவிடலாம்.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று பழவேற்காட்டைக் குறிப்பர். ‘சிலிகா’ என்பது ஒடிசாவின் ஏரி. பழவேற்காட்டின் கரையிலிருந்து வரும் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. விசிறி உள்ளிழுக்கும் தூசியோடு அது சுற்றுப்பலகையின் மீது படிந்தால், 400 வோல்ட் வேறுபாடுள்ள செம்புத் தடங்களுக்கிடையே மின்கசிவுப் பாதை ஒன்று மெல்ல உருவாகும். கோடை முழுவதும் ஒழுங்காக இயங்கிய கருவி ஐப்பசி மழையின் முதல் ஈரத்தில் ‘டப்’ என்று ஓய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அனுப்பம்பட்டு ஏரிக்கரையிலிருந்து சற்று உள்ளடங்கியிருப்பதால் இங்கு இத்தொல்லை குறைவு. ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் மிகுதி. குறைந்த சுமையில் விசிறி நின்றுவிடும் ‘சீரோ ஆர்.பி.எம்.’ ஏற்பாட்டை அமைதிக்காக விளம்பரப்படுத்துகின்றனர். ஆனால் உள்ளே இழுக்கப்படும் உப்புத்தூசி குறைவது அதன் கூடுதல் நன்மை. நாள்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதை விட அவ்வப்போது இயக்கி உட்புறத்தை உலர்வாக வைத்திருப்பதும் நல்லது. தூய்மை செய்யும் நோக்கில் மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் கூடவே கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் பெரிய மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

தாழ்வழுத்தமும் தாங்குநேரமும்

இந்திய மின்சார விதிகள், 1956, தாழ்வழுத்த நுகர்வோருக்கான மின்னழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் மாறக் கூடாது என்றன. அதன்படி 230 வோல்ட் 216-க்கும் 244-க்கும் இடையில் இருத்தல் வேண்டும். கம்பியின் கடைக்கோடியில், அதிலும் நெல்வயலின் பம்புசெட்டும் இறால் பண்ணையின் காற்றூட்டியும் ஒரே மின்மாற்றியில் இணைந்திருக்கும் இடங்களில், இவ்வெல்லை மீறப்படும் நேரங்கள் உண்டு. தூண்டல் மோட்டார் புறப்படும் கணத்தில் இயல்பு மின்னோட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். அருகிலுள்ள வீட்டின் விளக்கு மங்கி எழுவது அதனால்தான்.

மின்வழங்கி இதை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது மதிப்பீட்டின் மையம். ‘100–240 வோல்ட்’ எனக் குறித்த முழுவீச்சு மாதிரி, பொதுவாக 90 வோல்ட் வரை இறங்கினாலும் இயங்கும். ‘200–240’ என மட்டும் குறித்த மாதிரி 180-ஐ ஒட்டித் தடுமாறும். பின்புறம் சிவப்பு நிறத் தள்ளுசாவி கொண்டு 115, 230 என மாற்றும் மாதிரியில் ஆக்டிவ் பி.எஃப்.சி. இல்லை என்று உடனே அறியலாம். கேபினெட்டுடன் ‘இலவசமாக’ வரும் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் இவ்வகையே. குழந்தையின் விரல் பட்டு அச்சாவி 115-க்குப் போனால், அடுத்த முறை மின்சாரம் கொடுத்தவுடன் மின்தேக்கிகள் வெடிக்கும்.

முழுவீச்சு மாதிரியும் தாழ்வழுத்தத்தை விலையின்றித் தாங்குவதில்லை. அது எப்போதும் ஒரே அளவு ஆற்றலைக் கேட்பதால், மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டம் ஏறுகிறது. 500 வாட் உள்ளீட்டுக்கு 230 வோல்ட்டில் 2.17 ஆம்பியர் போதும்; 180 வோல்ட்டில் 2.78 ஆம்பியர் வேண்டும். மின்தடை வழியான இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைச் சார்ந்ததால், உள்ளீட்டுப் பகுதியின் வெப்பம் ஏறத்தாழ 1.6 மடங்காகும். கணினிக்குத் தேவையான வாட் அளவை விடச் சற்றுப் பெரிய மின்வழங்கியைத் தேர்வதற்கு இதுவே உண்மையான காரணம். ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற 115 வாட் வரைகலை அட்டையும் உச்சத்தில் 117 வாட் இழுக்கும் நடுத்தரச் செயலியும் உள்ள கணினி, பிற உறுப்புகளைச் சேர்த்தும் 300 வாட்டைத் தாண்டுவது அரிது. அதற்கு 550 வாட் போதுமானது; 850 வாட் வேண்டும் என்போர் விற்பனையை முன்னிட்டே பேசுகின்றனர்.

மின்தடையின்போது நேர்வது வேறு. இங்குப் பல வீடுகளில் இன்வெர்ட்டர் உண்டு. மின்சாரம் நின்ற கணத்துக்கும் இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் கணத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். ‘யு.பி.எஸ்.’ நிலையில் வைத்தால் பல மாதிரிகளில் அது 10 மில்லிநொடியை ஒட்டியது. ‘நார்மல்’ நிலையில் அதைவிட நீளும். அந்த இடைவெளியில் கணினியைத் தாங்குவது பெரிய மின்தேக்கியில் சேமிக்கப்பட்ட ஆற்றல். இத்தாங்குநேரத்தை வாங்குபவரே ஓரளவு கணிக்கலாம். 390 வோல்ட்டிலிருந்து 300 வோல்ட்டுக்கு இறங்கும் வரை சுற்று இயங்குமெனில், 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 14.6 ஜூல் தரும். 270 மைக்ரோஃபாரட் 8.4 ஜூல் மட்டுமே தரும். 550 வாட் முழுச்சுமையில், உள்ளிழப்பும் சேர்த்து 585 வாட் எனக் கொண்டால், முன்னது 25 மில்லிநொடி தாங்கும்; பின்னது 14 மில்லிநொடியில் கைவிடும். பாதிச் சுமையில் இவை ஏறத்தாழ இரட்டிக்கும். 2023-இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.1 வரையறை, முழுச்சுமைக்கான தாங்குநேரத் தேவையை 12 மில்லிநொடியாகத் தளர்த்தியது. மின்தடையே அரிதான நாடுகளில் இத்தளர்வு எவருக்கும் உறைக்காது. 50 ஹெர்ட்சில் ஒரு முழு அலைக்கே 20 மில்லிநொடி ஆகும் என்பதையும் இன்வெர்ட்டரின் இடைவெளியையும் எண்ணிப் பார்த்தால், புதிய வரையறை என்பதாலேயே ஒரு மாதிரி இவ்வூருக்குப் பொருந்தும் என்று கொள்ள இயலாது.

சதுர அலை இன்வெர்ட்டர் மற்றொரு சிக்கல். ஆக்டிவ் பி.எஃப்.சி. சுற்று சைன் அலையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. சதுர அலையில் சில மாதிரிகள் நின்றுவிடும், சில இரைச்சலுடன் சூடேறும். நல்ல மின்வழங்கி வாங்கிய பின் பழைய இன்வெர்ட்டரில் கணினி அணைந்துவிடுவதைக் கண்டு மின்வழங்கியைக் குறை கூறுவோர் பலர்.

கணநேர ஏற்றம்

விளையாட்டுக் கணினிக்கே உரிய ஒரு சோதனை உண்டு. வரைகலை அட்டை சராசரியாக இழுக்கும் ஆற்றலை விடப் பன்மடங்கை மைக்ரோநொடிகளுக்கு இழுக்கும். 2020-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 30 வரிசை அட்டைகளின் காலத்தில், கணக்குப்படி போதுமான மின்வழங்கிகளும் ஆட்டத்தின் நடுவே அணைந்தன. பாதுகாப்புச் சுற்று அக்கண ஏற்றத்தைப் பழுது எனக் கருதியதே காரணம். 2022-இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0, வரையறுத்த திறனின் இருமடங்கை 100 மைக்ரோநொடிக்குத் தாங்க வேண்டும் என்று விதித்தது. அதனுடன் வந்த 600 வாட் இணைப்பான் சில ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டைகளில் உருகியதும், பின்னர் 12வி-2எக்ஸ்6 எனத் திருத்தப்பட்டதும் அறிந்த செய்திகள். 115 வாட் அட்டை வைத்திருப்போருக்கு அவ்விணைப்பான் தேவையே இல்லை.

நடுநிலைக் கம்பியும் புவியிணைப்பும்

2016 டிசம்பர் 12-இல் கரை கடந்த வர்தா புயலில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. இத்தகைய நாள்களில் மின்சாரம் இல்லாத நேரத்தை விட, அது திரும்பும் நேரமே கருவிகளுக்கு ஆபத்தானது. மும்முனைப் பகிர்மானத்தில் நடுநிலைக் கம்பி அறுந்தோ தளர்ந்தோ இருந்தால், ஒருமுனை வீட்டுக்கு 230-க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கிய மின்னழுத்தம் வரக்கூடும். அதன் அலையுச்சி 560 வோல்ட்டைத் தாண்டும். மின்வழங்கியின் பெரிய மின்தேக்கி தாங்குவதோ 400 முதல் 450 வோல்ட் வரை. எந்த விலையுள்ள எஸ்.எம்.பி.எஸ். ஆனாலும் இதை நெடுநேரம் தாங்காது. இங்கு மதிப்பிட வேண்டியது அது எப்படிச் சாகிறது என்பதை. வேரிஸ்டரும் மின் உருகியும் உள்ள மாதிரியில் வேரிஸ்டர் குறுக்கிணைந்து உருகியை எரித்துவிடும். மின்வழங்கி மட்டும் போகும். வேரிஸ்டருக்குரிய இடத்தை வெறுமையாக விட்ட மலிவு மாதிரியில் அழிவு உள்ளே நுழையும். 12 வோல்ட் பக்கத்தில் மிகையழுத்தப் பாதுகாப்பும் இல்லையெனில் தாய்ப்பலகை வரை அது செல்லும்.

பழுதுபார்க்கும் கடைகளில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் கம்பித்துண்டால் இணைத்து, விசிறி சுழன்றால் ‘எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது’ என்பர். கருவி விழித்தெழுகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. சுமையின் கீழ் சிற்றலை எவ்வளவு, பாதுகாப்புச் சுற்று இயங்குகிறதா என்பதை அறிய மின்னணுச் சுமைக்கருவியும் அலைநோக்கியும் வேண்டும். வாங்குபவருக்கு அவை எட்டா. எனவே அவற்றைக் கொண்டு செய்த வெளிப்படையான சோதனை அறிக்கை உள்ள மாதிரியைத் தேடுவதே வழி. அறிக்கை பெட்டியின் மீதுள்ள நிறுவனப் பெயரைப் பற்றியதாக அன்றி அந்த மாதிரியைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். ஒரே பெயரில் விற்கும் வரிசைகளை வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்து தருவது இத்துறையின் வழக்கம்.

புவியிணைப்பு பற்றிய ஐயம் எழுவது பெரும்பாலும் விரலில்தான். கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் ‘சுர்’ என்று உணர்வதை எஸ்.எம்.பி.எஸ். குறை என்று திருப்பிக் கொடுப்போர் உண்டு. மின்வழங்கியின் உள்ளீட்டு வடிகட்டியில் மின்முனைக்கும் பெட்டிக்கும் இடையிலும், நடுநிலைக்கும் பெட்டிக்கும் இடையிலும் சிறு மின்தேக்கிகள் உள்ளன. புவியிணைப்பு இல்லாத வீட்டில் பெட்டியின் மின்னழுத்தம் இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிதாதலால் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை. ஆயினும் காப்புப் பழுதானால் மின் உருகியை எரிக்கும் பாதை அவ்வீட்டில் இல்லை என்பதை அது அறிவிக்கிறது. சுர் என்ற உணர்வு வடிகட்டி பொருத்தப்பட்டிருப்பதற்குச் சான்று; வடிகட்டியே இல்லாத மலிவு மாதிரி ‘சுர்’ என்று கூடச் சொல்லாது. ஏரியை ஒட்டிய உவர்மண்ணின் மின்தடை குறைவு என்பதால் புவியிணைப்பு இங்கு எளிதில் அமையும். அதே உப்பு இரும்புக் குழாயையும் இணைப்புக் கம்பியையும் சில ஆண்டுகளில் அரித்துவிடும். மண்ணுக்கு மேலே முழுமையாகத் தெரியும் கம்பி, மண்ணுக்குள் அறுந்து கிடக்கலாம். மின்பணியாளரைக் கொண்டு ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் அதை அளந்து பார்த்தல், மின்வழங்கியின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய செலவாகும்.